யாருடைய நேரத்துக்கு டைம்டேபிள்?

நவம்பரில் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். ஜனவரி வரை பறிப்பு ஓயாது. அரையாண்டுத் தேர்வும் அந்த மாதங்களுக்குள்தான் வந்து விழும். காப்பி முடிந்து கையைக் கழுவுவதற்குள் மிளகு வந்துவிடும். மிளகு பறிக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும். மே மாதம் விடுமுறை என்று பெயர். ஏற்காட்டில் அது கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மாதம். கடை போடுகிற வீட்டுக்கும் விடுதியில் வேலைக்குப் போகிற வீட்டுக்கும் நாலு காசு பார்க்கிற மாதம் அதுதான். பள்ளியின் ஆண்டையும் மலையின் வேலை ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் அதே மாதங்களுக்காக அடித்துக்கொள்வது தெரியும்.

மலைமேல் தலைச்சோலையிலோ நாகலூரிலோ பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம், "நாளைக்கு ஒருநா வா கண்ணு, பழம் உதுந்துடும்" என்று அம்மா சொன்னால் அதில் அதட்டல் கிடையாது. கணக்குத்தான் இருக்கிறது. பழுத்த பழம் செடியிலேயே கறுத்துக் கீழே விழுந்தால், விழுந்ததைப் பொறுக்கி விற்கிற விலை வேறு. அந்த ஒரு நாள் போனால் வீட்டுக்கு நட்டம். போய்வந்தால் பிள்ளையின் திட்டத்தில் ஓட்டை. இரண்டில் எது பெரியது என்று கேட்டு யாரும் பட்டிமன்றம் நடத்துவதில்லை. பிள்ளை கூடையை எடுத்துக்கொண்டு போகிறது.

மாணவருக்கு ஏற்ற திட்டமிடும் கருவி எது என்ற பேச்சு எழுந்தால், டைரியா சார்ட்டா, நோட்டா செயலியா என்றுதான் அது ஓடும். எது அழகாக இருக்கிறது, எது இலவசம், எதில் அலாரம் நன்றாக அடிக்கிறது என்று ஒப்பிடுவார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று விட்டுப்போகிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மாணவர் கையில் இருப்பதாக எண்ணி இந்தக் கருவியைச் செய்தார்கள்? என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மணியைப் பிடித்துக்கொள்ளும் கருவிகள் இந்த மலைப் பிள்ளைகளிடம் சீக்கிரம் உடைகின்றன. வரிசையைப் பிடித்துக்கொள்ளும் கருவிகள் தாங்குகின்றன. ஆனால் வரிசைக்கும் அதற்கே உரிய நோய் ஒன்று உண்டு; அதை மறைத்துவிட்டு அதற்குக் கொடி பிடிக்க நான் தயாராக இல்லை.

சுவரில் ஒட்டும் டைம்டேபிளிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் தொடங்குவது அங்கேதான். சார்ட் அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, 4.30 – 5.30 கணக்கு, 5.30 – 6.30 இயற்பியல் என்று கட்டம் கட்டமாகப் போகும். பாடத்துக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா நிறம். குளிக்கப் பதினைந்து நிமிடம், சாப்பிடப் பதினைந்து நிமிடம். ஞாயிறு முழுக்க 'ரிவிஷன்'. ஓரத்தில் ஒரு பொன்மொழி. தண்ணீர் பிடிப்பதற்கும் ஆட்டை ஓட்டி வருவதற்கும் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதற்கும் அதில் ஒரு கட்டம்கூட இருக்காது. அந்த வேலைகள் நடக்காமல் இல்லை, தினமும் நடக்கின்றன. படிப்பு அட்டவணையில் எழுதும் தகுதி அவற்றுக்கு உண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அந்த நாலரை மணியையும் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டரில், டிசம்பர் மூடுபனியில், கம்பளியை உதறிவிட்டு எழச் சொல்கிற அறிவுரை சமவெளியிலிருந்து ஏறி வந்தது. சேலத்து வெக்கையில் விடிகாலைதான் குளிர்ச்சியான நேரம் என்பதால் அங்கே அது நல்ல யோசனை. இங்கே விரல் விறைத்துப் பேனா பிடிக்காது.

ஆனாலும் டைம்டேபிளைக் கிண்டல் செய்வது எளிது, அதன் நன்மையைச் சொல்வதுதான் நியாயம். அடுத்து என்ன படிப்பது என்று தினமும் பத்துத் தடவை யோசிக்கிற அலுப்பை அது ஒரே தடவையில் தீர்த்து வைக்கிறது. பிடித்த பாடத்திலேயே உட்கார்ந்துகொண்டு பிடிக்காததைத் தள்ளிப் போடுகிற குணத்துக்கு அது கடிவாளம். வாரத்தில் மூன்று கட்டம் வேதியியலுக்கு என்று கண்ணெதிரே ஒட்டியிருந்தால் வேதியியலிடமிருந்து தப்பித்து ஓட முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் அது ஓர் அறிவிப்பு. படிக்கிற நேரம் என்று எழுதி ஒட்டியிருக்கும்போது டிவி சத்தத்தைக் கொஞ்சமாவது குறைக்கச் சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு இந்த மூன்றாவது நன்மை மற்ற இரண்டையும்விடப் பெரியது என்பேன். அவள் நேரத்துக்கு வீட்டில் ஒரு மரியாதை கிடைக்க அந்தச் சார்ட் சாட்சி சொல்கிறது.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் படு மோசம். 1979-இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் இதைத் திட்டமிடல் பிழை என்று அடையாளம் காட்டினார்கள். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். கெட்ட கனவிலும் வராத தாமதம் நனவில் வந்தது. தனியறையும் நூலகமும் உள்ள பல்கலைக்கழக மாணவர் கதையே இப்படி என்றால், தன் நேரம் தன்னிடம் இருக்குமா என்றே தெரியாத பிள்ளை போடும் 5.30 – 6.30 எந்த அளவுக்கு நிற்கும்?

ஒரு கட்டம் உடைந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மணிக்கணக்கு அட்டவணையில் ஒரு நாள் தவறினால் அந்த நாளுக்குப் போக்கிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை விட்ட இயற்பியலுக்கு இடம் அடுத்த செவ்வாய்தான். புதன்கிழமை காலை அட்டவணையைப் பார்க்கும் பிள்ளை புதன்கிழமைக் கட்டத்தைத் தொடங்குவதா, நேற்றைய கடனை அடைப்பதா என்று அட்டவணை சொல்லாது. மூன்று நாள் கடன் சேர்ந்தால் அந்தப் பக்கம் பார்ப்பதே கசந்துவிடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சார்ட் வாங்கி, புது நிறத்தில், இன்னும் கறாரான டைம்டேபிள். போட்டு முடித்ததும் படித்து முடித்த திருப்தி வந்துவிடுவது இந்தக் கருவியின் தனிச் சூழ்ச்சி. 1980-களின் தொடக்கத்தில் கிர்ஷன்பாம் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. ஒரு பிரிவினரை நாள்வாரியாகவும் இன்னொரு பிரிவினரை மாதவாரியாகவும் திட்டமிடச் சொன்னார்கள். துல்லியமாக நாள்வாரித் திட்டம் போட்டவர்கள் முந்துவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மாதத் திட்டக்காரர்களே படிப்பில் ஊன்றி நின்றார்கள். நாள்வாரித் திட்டம் தினமும் தோற்கிறது, தினமும் தோற்றால் யாருக்குத்தான் மனம் விடாது?

மணியை நம்புகிற கருவியில் இன்னொரு வகை இந்த மலைக்கு நன்றாகவே பழக்கம். அது விடுதி மணி. ஏற்காட்டின் மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது; உறைவிடப் பள்ளிகள் இந்த மலையின் அடையாளங்களில் ஒன்றாகி நூறாண்டு கடந்துவிட்டது. அவற்றில் இடம் கிடைக்காத மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாளை நடத்துவது மட்டும் இரண்டிலும் மணிதான். எழ ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, மாலை 'ஸ்டடி அவர்' தொடங்க ஒரு மணி.

மணியிடம் யாரும் திட்டம் போடக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அதுதான் அதன் பலம். கூடையைத் தூக்கச் சொல்ல அங்கே ஆளில்லை. நூறு பேர் ஒரே கூடத்தில் குனிந்து படிக்கும்போது நூற்றோராவது பிள்ளையும் குனியும். தோட்டக் கூலி வீட்டிலிருந்து வந்து முதல் தலைமுறையாகப் பள்ளி முடிப்பவர்களுக்கு விடுதி தருகிற மிகப் பெரிய சொத்து சோறும் கட்டிலும் போக, யாரும் பறிக்காத இரண்டு மணி நேரம். டைம்டேபிள் வெறுமனே கேட்டதை மணி கொடுத்துவிடுகிறது.

பிளஸ் டூ முடிந்ததும் மணி நின்றுவிடும், அதுதான் சங்கடம். சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்கிற மாணவருக்கு வகுப்பு போக மீதி நேரம் முழுக்கத் தன்னுடையது. ஊரிலிருந்தே போய்வருபவர் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இரண்டு தடவை சுற்ற வேண்டும். அந்தப் பேருந்தில் உட்கார்ந்து படித்தால் வாந்திதான் வரும். மிச்சம் இருக்கிற நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை, ஏனென்றால் அதுவரை பிரித்துக் கொடுத்தார்கள். பள்ளியில் முதலிடம் வாங்கியவர் கல்லூரி முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால், 'செல்போன் கெடுத்துவிட்டது' என்று பழி போடுவது வழக்கம். செல்போனுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏழு வருடம் ஒரு பிள்ளையின் நேரத்தை மற்றவர்கள் வைத்திருந்துவிட்டு, எட்டாவது வருடம் ஒரே நாளில் கையில் கொடுத்ததற்கும் பங்கு உண்டு.

செல்போன் என்றதும் செயலிகள். இங்கே நான் நீளமாக எழுதப் போவதில்லை. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், குணம் மாறாது. கூகுள் காலண்டர் மணியைப் பிடிக்கிறது, டூடூயிஸ்ட் வரிசையைப் பிடிக்கிறது. நோஷனில் இரண்டையும் செய்யலாம், கூடவே அட்டவணைக்குள் அட்டவணையாகக் கட்டிக்கொண்டே போகலாம். கட்டி முடிக்கும்போது மாடல் எக்ஸாம் வந்திருக்கும். ஃபாரஸ்ட் செயலியில் படிக்கத் தொடங்கும்போது ஒரு கன்று நட வேண்டும். நடுவில் போனை நோண்டினால் கன்று பட்டுப்போகும். சில்வர் ஓக் நிழலில் வளர்கிற பிள்ளைக்குத் திரையில் ஒரு மரம் பட்டுப்போவது எவ்வளவு உறைக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் சிலரிடம் அது வேலை செய்கிறது. தேதிகளை நினைவூட்டுவதில் செயலிகளை மிஞ்ச எதுவும் கிடையாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஹால் டிக்கெட் பதிவிறக்க வேண்டிய நாள், கலந்தாய்வுப் பதிவு முடியும் நாள் என்று தவறவிட்டால் ஒரு வருடமே போய்விடுகிற தேதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டுமாவது போனில் அலாரம் வைக்காதவர் தனக்குத்தானே அநியாயம் செய்துகொள்கிறார்.

செயலிகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஒன்று புலப்படும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமடோரோ முறை இன்று பல செயலிகளில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற இத்தாலிய மாணவர். 1980-களின் கடைசியில், படிப்பில் மனம் பதியாமல் தவித்தபோது, ஒழுங்காகப் பத்து நிமிடம் படிக்க முடியுமா என்று தன்னோடே பந்தயம் கட்டினார். நேரம் பார்க்க எடுத்தது சமையலறையில் கிடந்த தக்காளி வடிவ டைமர். கேள்வியும் கருவியும் அவ்வளவு சின்னவை. இந்த நாளை எப்படிப் பிரிப்பது என்று அவர் கேட்கவே இல்லை. கிடைத்த துண்டு நேரத்தில் உட்கார முடியுமா என்றுதான் கேட்டார். பறிப்புக்குப் போய்வந்து, களைப்போடு எட்டு மணிக்கு உட்காரும் பிள்ளைக்குப் பொருந்துவது இந்தப் பந்தயம்தான். 25 நிமிடத்தைக் கணக்கிட வீட்டுச் சுவர்க் கடிகாரம் போதும்.

போனில்லாமல் செய்யலாம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலையில் பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு வேலைக்குப் போகும். சிக்னல் சில ஊர்களில் மேட்டுக்கு ஏறினால்தான் வரும். அரசும் கருவிகள் தராமல் இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நல்ல திட்டம், பல வீடுகளுக்கு அதில் வந்ததுதான் முதல் கணினி. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் ஓரத்தில் க்யூஆர் குறியீடு அச்சிட்டார்கள். விருப்பமான நேரத்தில் ஸ்கேன் செய்து பாடத்தைப் பார்க்கலாம், சிக்னல் இருந்தால். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதற்குச் சிக்னல் வேண்டாம், டிவி போதும், ஆனால் பாடம் ஒளிபரப்பாகும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். கொரோனா முடக்கத்தில் இந்த முரண் அப்பட்டமாகத் தெரிந்தது. நேரத்தை விட்டுக்கொடுத்த கருவி சிக்னல் கேட்டது, சிக்னல் கேட்காத கருவி நேரத்தைக் கேட்டது.

இரண்டையும் கேட்காத ஒரு கருவி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது. அதைத் திட்டமிடும் கருவி என்று யாரும் அழைத்ததில்லை, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கானது என்பதால் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. செயல்வழிக் கற்றலின் ஏணியைச் சொல்கிறேன். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி சுற்று வட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அதற்கு மூலம். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இன்று கல்லூரியில் இருக்கும் பலர் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை இதில்தான் படித்தார்கள்.

வகுப்புச் சுவரில் பாடத்துக்கு ஓர் ஏணி மாட்டியிருக்கும். படிக்குப் படி ஒரு படமும் எண்ணும். யானைப் படம் இருந்தால் ஒரு வகைச் செயல், பட்டாம்பூச்சி இருந்தால் வேறு வகை என்று சின்னங்களுக்குப் பொருள் உண்டு. பிள்ளை வந்ததும் வருகையைத் தானே குறித்துக்கொள்ளும். ஏணியில் நேற்று எங்கே விட்டோம் என்று பார்க்கும். அடுத்த படியின் அட்டையைத் தட்டிலிருந்து தேடி எடுக்கும். அட்டையின் சின்னத்தைப் பொறுத்து எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பது தீர்மானமாகும்: சில அட்டைகளுக்கு ஆசிரியர் முழுமையாகத் துணையிருப்பார், சிலவற்றுக்கு ஓரளவு, சிலவற்றுக்குக் கூடப் படிக்கும் பிள்ளை, சிலவற்றைத் தனியாகச் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் தனக்கென்று கீழே ஒதுக்கிய கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, அடுத்த அட்டைக்கு நகரும்.

ஒரு திட்டமிடும் கருவி சொல்ல வேண்டியதை எல்லாம் இந்த ஏணி சொன்னது. நான் எங்கே நிற்கிறேன், அடுத்தது எது, அதற்கு யார் துணை. எத்தனை மணிக்கு என்று மட்டும் அது கேட்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைக்கு அது கைகொடுத்தது. காய்ச்சலோ, அம்மாவோடு தோட்டத்துக்குப் போனதோ, நாலு நாள் கழித்து வந்தாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம். 'நேத்து நடத்தினது தெரியாதா' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, நேற்று நடத்தியது என்று பொதுவாக ஒன்று இல்லாததால். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் மலைப் பள்ளிகளுக்கு இது வாய்ப்பான ஏற்பாடு. கரும்பலகைப் பாடத்தில் ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மற்றது சும்மா இருக்கும். ஏணியில் யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை.

அதன் நோயையும் சொல்ல வேண்டும். ஏணிக்கு அவசரம் தெரியாது. ஒரு படியில் பிள்ளை ஒரு வாரம் நின்றாலும் சுவரில் உள்ள ஏணி ஒன்றும் சொல்லாது. அதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும், முப்பது பிள்ளைகளின் முப்பது நிலைகளைத் தினமும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது அவருக்குப் பெரும் சுமை. சுமை தாங்காத இடங்களில் ஏணி அதிகாரி வரும்போது காட்டுகிற படமாகிவிட்டது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன; இருபத்தோராம் அட்டை இல்லாததால் இருபதிலேயே நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். புத்தகமே காணோமே என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஐந்தாம் வகுப்பில் ஏணியை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே வேகத்துக்கு இழுத்தது. தன் அடுத்த அட்டையைத் தானே எடுக்கப் பழகிய கையை அத்தோடு கட்டிப் போட்டுவிட்டார்கள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. ஆனால் பிரிப்பது ஆசிரியர். பிள்ளை தானே எடுப்பது என்கிற அந்த அருமையான அம்சம் கரைந்துவிட்டது.

இந்த ஏணியைப் பிளஸ் டூ மாணவர் ஒரு நோட்டில் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் நான் வந்து சேரும் இடம். பாடங்களை வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே புக் பேக் ஒன் மார்க், இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று படிகள். முடித்ததற்கு டிக். ஒவ்வொரு படிக்கும் துணை யார் என்ற குறிப்பு: இது தனியாக, இது தோழியோடு, இது கணக்கு சாரிடம் கேட்க வேண்டியது. கடைசிக் குறிப்பு அற்பமாகத் தோன்றும். ஆனால் வீட்டில் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளை மாட்டிக்கொள்வது அங்கேதான். சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால் ஒரு மதிய இடைவேளையில் நாலைத் தீர்த்துக்கொள்ளலாம். செயலிகளில் இதற்கென்று ஒரு கட்டத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அவை தனியாள் படிப்பையே கற்பனை செய்கின்றன.

ஏணியின் சோம்பலுக்கு மருந்தை மணிக்கணக்கிலிருந்து கொஞ்சமாகக் கடன் வாங்க வேண்டியதுதான். எல்லா வீட்டிலும் தொங்குகிற சிவகாசித் தினசரி காலண்டர் அதற்குப் போதும். நல்ல நேரமும் ராகு காலமும் போட்ட அந்தத் தாள் கிழிகிற ஒவ்வொரு முறையும் தேர்வு ஒரு நாள் நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும், இந்த வாரம் இத்தனை படி என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் நின்றுபோன ஏணி கண்ணில் படும். நாள்வாரியாக எழுதினால் மறுபடி பழைய கதை. வாரத்துக்கு ஏழு நாள் இருப்பதால் செவ்வாய் பறிப்புக்குப் போனாலும் வியாழன் ஈடுகட்டும்.

வராது என்று நினைத்த நாளுக்கும் ஒரு வரி தேவை. 1997-இல் உளவியலாளர்கள் கோல்விட்சரும் பிராண்ட்ஸ்டாட்டரும் ஜெர்மனி மாணவர்களிடம் விடுமுறையில் ஒரு சின்ன அறிக்கை எழுதும்படி கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களில் எழுதி முடித்தவர்கள் மற்ற பிரிவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இதில் 'எப்போது' என்பதற்குக் கடிகாரம்தான் வேண்டும் என்பதில்லை. பறிப்புக்குப் போன அன்று, ராத்திரி சாப்பிட்டுத் தட்டுக் கழுவியதும், விலங்கியல் ஒன் மார்க் மட்டும் என்று எழுதிக்கொள்ளலாம். மின்சாரம் போன அன்று, நேற்றுப் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது என்று எழுதிக்கொள்ளலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்படி ஒரு வாரம் வந்தாலும் இந்த வரிகள் செல்லும். மணி போட்ட சார்ட் செல்லாது.

டைம்டேபிளைக் கிழித்து எறிய வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில், நாள் முழுக்க உண்மையிலேயே கையில் இருக்கும்போது, மணிக்கணக்கு நன்றாகவே உழைக்கும். மூன்று மணி நேரத் தேர்வை மூன்று மணி நேரத்தில் எழுதிப் பழகுவதை ஏணியால் செய்ய முடியாது. தோட்டமும் கடையும் இல்லாத, தனி மேசையும் மூடும் கதவும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே அது பொருந்தலாம். அவரவர் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மணி போட வேண்டும், மீதிக்கு வரிசை.

கருவியை மாணவர் மாற்றிக்கொள்வதோடு விஷயம் முடிவதில்லை. பொதுத் தேர்வின் தேதி சென்னையில் முடிவாகிறது, அதை மலை மாற்ற முடியாது. ஆனால் ஸ்லிப் டெஸ்ட் எந்தக் கிழமை, சிறப்பு வகுப்பு எந்த சனி, போர்ஷனை எந்த வாரத்துக்குள் முடிப்பது என்பதெல்லாம் பள்ளிக்குள்ளேயே முடிவாகிறவை. பறிப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்கள் எவை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த வாரங்களில் புதுப் பாடத்தைத் தொடங்காமல் பழையதைத் திருப்பிப் பார்க்க வைத்தால், வராத பிள்ளை இழப்பது குறையும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஸ்டடி அவரின் கடைசி அரை மணியை விட்டுக்கொடுத்து, இதில் என்ன படிப்பது என்று நீயே எழுதி வை, வார முடிவில் காட்டு என்று சொல்லலாம். முதல் மாதம் அந்த அரை மணி வீணாகத்தான் போகும். வார்டனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கை பரபரக்கும். அந்த ஒரு மாதம் அவர் மணியை அடிக்காமல் இருக்க வேண்டும்.